கரும்பு கடித்ததிலிருந்து காதுக்கு முன்னால் ‘டக்’: தாடை மூட்டு பற்றி

கேள்வி, 17.1.2024

பொங்கலன்று கரும்பு கடித்தேன். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் ‘டக்’கென்று சத்தம். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்கிறது. வலி பெரிதாக இல்லை. எலும்பு பிசகிவிட்டது, சலூனில் தாடையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினால் உட்கார்ந்துவிடும் என்கிறார் கூட வேலை செய்யும் அண்ணன். போகலாமா? வயது 26.

18.1.2024, காலை 6.10

போகாதீர்கள் தம்பி. சலூனில் திருப்புவது தாடையை மட்டும் அல்ல, கழுத்தையும் சேர்த்துத்தான். கழுத்தெலும்புகளின் ஓரத் துளைகள் வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக் குழாய் அந்தத் திருப்பில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. மற்றதை இரவு எழுதுகிறேன், பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

18.1.2024, இரவு 9.40

நான் மருத்துவர் இல்லை. கும்பகோணம் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். இதே மூட்டு 2018-இல் என் வாயைப் பூட்டிவிட்டது. அதனால் கொஞ்சம் படித்தேன், நிறைய பட்டேன்.

முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். காதுத் துளையை மறைத்தாற்போல் ஒரு சின்னக் குருத்து இருக்கிறதே, அதற்கு ஒரு விரல் முன்னால், இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை வைத்து வாயை மெதுவாகத் திறங்கள். விரலடியில் ஒரு குமிழ் உருளும். இன்னும் அகலமாகத் திறந்தால் அந்தக் குமிழ் விரலை விட்டு முன்னால் ஓடிவிடும், அது இருந்த இடத்தில் பள்ளம் விழும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. அது உட்காரும் குழி பொட்டு எலும்பில் இருக்கிறது. குழிக்கு முன்னால் எலும்பிலேயே ஒரு மேடு.

கதவுக் கீல் ஒரே இடத்தில் நின்று சுழலும். இந்த மூட்டு முதல் 20, 25 மி.மீ. வரைக்கும்தான் கீல். அதற்கு மேல் மேசை டிராயர் மாதிரி. தலை மொத்தமாகக் குழியை விட்டு மேட்டின் மேல் சறுக்கி முன்னால் வருகிறது. இரண்டு வேலையும் ஒரே மூட்டில் நடப்பதற்குக் காரணம், நடுவில் இருக்கும் வட்டு. முதுகு டிஸ்க் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இங்கேயும் ஒன்று உண்டு. அதற்குக் கீழே சுழற்சி, அதற்கு மேலே சறுக்கல்.

வட்டு நடுவில் மெல்லிசு, ஓரங்களில் தடிப்பு. தலை அந்த மெல்லிய பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, வட்டையும் கூட்டிக்கொண்டு போய்வர வேண்டும். சிலருக்கு வட்டு கொஞ்சம் முன்னால் நழுவிவிடுகிறது. வாயைத் திறக்கும்போது தலை பின்புறத் தடிப்பை ஏறித் தாண்டி வட்டின் மேல் உட்காருகிறது. அந்தத் தாண்டல்தான் உங்கள் ‘டக்’. மூடும்போது மறுபடி இறங்கும், அந்தச் சத்தம் சின்னதாக இருக்கும். இல்லாமலும் இருக்கலாம்.

எலும்பு பிசகவில்லை. வலி இல்லாமல், வாய் நன்றாகத் திறந்துகொண்டிருந்தால் வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு இது இருக்கிறது, தெரியாமலே வாழ்கிறார்கள்.

19.1.2024

எவ்வளவு திறந்தால் ‘நன்றாக’ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். மூன்றும் போனால் சரி. ஸ்கேல் வைத்தால் 40 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். 35-க்குக் கீழே என்றால் காட்டுங்கள்.

20.1.2024

அவரவர் விரலால்தான் அளக்க வேண்டும். நேற்று இதை எழுதாமல் விட்டேன், ஒருவர் தன் விரலை மகளின் வாயில் வைத்துப் பார்த்துப் பயந்துபோய் எழுதியிருக்கிறார். குழந்தையின் வாய்க்குக் குழந்தையின் விரல்.

21.1.2024, ஞாயிறு

என் கதை.

2018 ஏப்ரல். பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. மின்விசிறி ஓடினாலும் தாள் பறக்காமல் இருக்க முழங்கையை ஊன்றிக்கொண்டு, கூட்டல் தப்பிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ‘பல்லைக் கடித்துக்கொண்டு’ என்பதைச் சொல்வழக்காக எழுதவில்லை, உண்மையாகவே கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கு முன் ஆறு வருடமாக எனக்கு இடது பக்கம் ‘டக்’ இருந்தது. பழகிவிட்டது. முகாமின் மூன்றாம் நாள் காலை பல் தேய்க்கும்போது சத்தம் இல்லை. அப்பாடா, போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். மதியம் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் ஒரு கவளம் எடுத்தால், வாய் பாதியில் நின்றுவிட்டது. வலித்து நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ முட்டுக்கட்டை வைத்ததுபோல் நின்றது. கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தேன். தாடை நேராக இறங்காமல் இடது பக்கம் கோணிக்கொண்டு போனது.

சத்தம் நின்றதற்கு வட்டு தன் இடத்துக்குத் திரும்பியது காரணமில்லை. வட்டு இன்னும் முன்னால் போய்ச் சுருண்டுகொண்டது, தலையால் இனி அதன் மேல் ஏற முடியவில்லை, அதனால் சத்தமும் இல்லை, சறுக்கலும் இல்லை. தலை நின்ற இடத்திலேயே சுழல்கிறது, அவ்வளவுதான் வாய் திறக்கும். நல்ல பக்கம் முன்னால் ஓடுகிறது, பூட்டிய பக்கம் நிற்கிறது, அதனால்தான் கோணல். பல வருடமாக இருந்த ‘டக்’ ஒருநாள் நின்று, வாயும் சரியாகத் திறக்கவில்லை என்றால் அன்றைக்கே கவனியுங்கள். பதினைந்து நாள் நான் அதைத் தள்ளிப்போட்டேன்.

வலி காதில்தான் தெரிந்தது. அதனால் முதலில் காது மருத்துவர். காது சுத்தமாக இருக்கிறது என்றார், சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். அடுத்து ஒரு பல் மருத்துவமனை. கடி சரியில்லை, நான்கு பல்லைச் சீவி மேலே உறை போட வேண்டும் என்றார்கள். என் ஒன்றரை மாதச் சம்பளம் கேட்டார்கள். முன்பணம் கட்ட வரிசையில் நின்றபோது என் அக்கா போன் பண்ணி, “சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஒரு தடவை காட்டிவிட்டு அப்புறம் பல்லைக் கொடு” என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அங்கே ஸ்கேல் வைத்தார்கள். 24 மி.மீ.

21.1.2024, இரவு

மேலே பாதியில் விட்டேன். என்ன செய்தார்கள் என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

பெரிதாக எதுவும் செய்யவில்லை. மென்மையான சாப்பாடு. இட்லியை நாலாகப் பிட்டு, குழைந்த சாதம், பருப்பு, வாழைப்பழம். முறுக்கு, சீடை, கமர்கட், வறுத்த கடலை, சூயிங் கம் கூடாது. கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம், காலையும் இரவும் 15 நிமிடம். சில நாளைக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரை. கொட்டாவி வரும்போது தாடைக்கடியில் முஷ்டியை வைத்துத் தாங்குவது. அப்புறம் ஒரு சின்னப் பயிற்சி: நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவது, ஒரு வேளைக்குப் பத்து தடவை. வாய் கொஞ்சம் இளகிய பிறகு, விரலை வைத்து மெதுவாக இழுத்துத் திறக்கும் பயிற்சி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னார் அங்கே என்னைப் பார்த்த மருத்துவர் அம்மா: “உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம்.” சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாதாம். நடுவில் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. இதைப் படிக்கிற இந்த நிமிடம் உங்கள் பல் எங்கே இருக்கிறது, பாருங்கள்.

24 மி.மீ. திறந்த வாய் ஐந்து வாரத்தில் 31. ஆகஸ்டில் 38. இப்போது 41.

22.1.2024

“அப்போ உங்க டிஸ்க் இடத்துக்கு வந்துடுச்சா அக்கா?”

வரவில்லை தம்பி. நேற்று எழுதியதைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். பூட்டிய மூட்டில் வட்டு பெரும்பாலும் முன்னாலேயே தங்கிவிடும். வட்டுக்குப் பின்னால் ரத்தக் குழாயும் நரம்பும் நிறைந்த மெத்தை போன்ற சதை இருக்கிறது. வட்டின் நடுப்பகுதியில் நரம்பு இல்லை, அதை அழுத்தினால் வலிக்காது. இந்தச் சதையை அழுத்தினால் உயிர் போகும். தலை அதன் மேல் உட்கார்ந்ததால்தான் எனக்கு அத்தனை வலி. நாளாக ஆக அந்தச் சதையே தடித்து, கெட்டித்து, வட்டு செய்த வேலையைச் செய்யப் பழகிக்கொள்கிறது. உடம்பு பழையதைச் சரிசெய்யவில்லை, புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் இன்னும் ‘நழுவிய வட்டு’ என்றுதான் வரும். வலி இல்லை, அதனால் எடுக்கவில்லை.

28.1.2024, ஞாயிறு

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு மண்டை ஓடு இருக்கிறது. கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் ஸ்பிரிங் போட்டு மாட்டியிருப்பார்கள். இழுத்துவிட்டால் டப்பென்று மூடும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதைக் காட்டித்தான் இருபது வருடமாக “இது கீல் மூட்டு” என்று சொல்லிக்கொடுத்தேன். வட்டு எலும்பு இல்லை, நார்க்குருத்து. மண்டை ஓட்டில் அது காய்ந்து போய்விடும். எதனால் இந்த மூட்டு இந்த மூட்டாக இருக்கிறதோ அது அந்த அலமாரியில் இல்லவே இல்லை.

இன்று என் தம்பி தலைக்கறி வாங்கப் போனான், நானும் கூடப் போனேன். ஆட்டுத்தலையைக் கொத்துவதற்கு முன் தாடையைத் தனியாக எடுத்துத் தரச் சொன்னேன். கடைக்கார பாய் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் சின்னக் கத்தியை மூட்டுக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி, தாடையை விலக்கி, “இதுதானே டீச்சர், எலும்புக்கு நடுவுல ரப்பர் மாதிரி இருக்கும், நாங்க தூக்கிப் போட்டுருவோம்” என்று விரல் நுனியில் எடுத்துக் காட்டினார். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முற்றிய வழுக்கைத் தேங்காய் நிறம். ஈரத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் ஓரம் அமுங்கவில்லை, நடுவில் என் விரல்கள் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. ஆறு வருடம் கழித்து என் மூட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அந்தக் கறிக்கடையில்தான் கையால் புரிந்துகொண்டேன்.

ஆட்டுக்கு அசை போடும் தாடை, பக்கவாட்டில் அரைக்கும். தலை நம்முடையதுபோல் உருண்டிருக்காது, தட்டையாக இருக்கும். வட்டு மட்டும் அதே வேலைதான்.

3.2.2024

காதும் தாடையும் ஏன் இவ்வளவு நெருக்கம் என்ற கேள்விக்கு இரண்டு பதில்.

நேரான பதில் நரம்பு. ஐந்தாம் மண்டை நரம்பை முக்கிளை நரம்பு என்போம். அதன் கீழ்த்தாடைக் கிளையிலிருந்து பிரியும் ஒரு இழை, மூட்டுக்குப் பின்பக்கம் சுற்றி, காதின் முன்புறத்துக்கும் பொட்டுக்கும் போகிறது. மூட்டுக்கும் அதே இழைதான். மூட்டில் அழுத்தினால் காது வலிக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். என்னைக் காது மருத்துவரிடம் அனுப்பியது இந்த இழை.

இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது. ஊர்வனவற்றின் தாடை மூட்டு வேறு இரண்டு எலும்புகளால் ஆனது. பாலூட்டிகளில் அந்த இரண்டும் சுருங்கி, பின்னால் நகர்ந்து, நடுக்காதுக்குள் போய்விட்டன: சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு. கருவில் இவை தாடைக் குருத்தோடு சேர்ந்து உருவாவதைக் கவனித்து 1837-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ரைகெர்ட் எழுதினார். பிறகு பழைய மூட்டும் புதிய மூட்டும் ஒரே தாடையில் இருக்கும் புதைபடிவங்களும் கிடைத்தன. மார்கனுகோடான் என்று எலி அளவு ஒரு பிராணி, சுமார் 20 கோடி ஆண்டுக்கு முந்தையது. பழைய மூட்டு காதுக்குப் போகும் முன்பே, பாலூட்டிகளின் மூதாதைகள் புதிதாகச் செய்துகொண்ட மூட்டுதான் நாம் பேசிக்கொண்டிருப்பது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அப்ப நம்ம காதுக்குள்ள பல்லியோட தாடை இருக்கா?” என்றாள். பல்லியோடது இல்லை கண்ணு, பல்லிக்கும் நமக்கும் பொதுவான ஒரு பழைய பாட்டியோடது என்றேன். அன்று முழுக்க வகுப்பே காதைத் தொட்டுக்கொண்டு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

4.2.2024

இதை எல்லோரும் படியுங்கள்.

ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: வயது 34, ஒரு வருடமாக வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வருகிறது, இப்போது இரண்டு விரல்தான், “எனக்கும் உங்களை மாதிரி டிஸ்க் போல, பயிற்சி சொல்லுங்கள்.” கூடவே, காரம் பட்டால் வாய் எரிகிறது, ரசம்கூடக் குடிக்க முடியவில்லை என்கிறார்.

அண்ணா, பாக்கு போடுவீர்களா? பொட்டலமா, மாவாவா, சீவலா, எதுவானாலும் சொல்லுங்கள். மூட்டுப் பூட்டு ஒரு நாளில் விழும், ஒரு பக்கம் கோணும், காரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. சுட்டு விரலைக் கன்னத்தின் உள்பக்கம் விட்டுத் தடவுங்கள். கயிறு மாதிரி செங்குத்தாக இழுத்துப் பிடித்திருக்கிறதா? கண்ணாடியில் வெளுத்துத் தெரிகிறதா?

5.2.2024

பதில் வந்துவிட்டது. ஏழு வருடம், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பொட்டலம். கன்னத்தில் கயிறு இருக்கிறது என்கிறார்.

அண்ணா, இது மூட்டு இல்லை. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் வாயின் உள்தோலுக்கு அடியில் நாரைக் கட்டவைக்கிறது. தோல் விறைத்து, வாய் சிறுக்கிறது. இதில் சிலருக்குப் பிறகு புற்றுநோய் வருகிறது. பயிற்சியை அப்புறம் பார்க்கலாம். இன்றே பாக்கை நிறுத்திவிட்டு வாய், முக அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் காட்டுங்கள். சென்னை என்கிறீர்கள், அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். போய்விட்டு வந்து இங்கே ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

6.2.2024

“கும்பகோணத்தில் இருந்துகொண்டு வெற்றிலையைக் குறை சொல்கிறீர்களே” என்று ஒரு ஐயா வருத்தப்பட்டிருக்கிறார். வெற்றிலையைச் சொல்லவில்லை ஐயா. என் பாட்டி வெண்கல உரலில் இடித்துத்தான் போடுவாள், அந்த வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. குற்றவாளி கூட இருக்கும் பாக்கு. புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று நம் ஊரில் ஒரு எண்ணம். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை இல்லாத தாம்பூலத்தையும் பாக்கையும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. கல்யாண வீட்டில் வருடத்துக்கு இரண்டு தடவை போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பொட்டலம் வாங்கும் பையன்களைத் தினம் பார்க்கிறேன், அதனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

11.2.2024, ஞாயிறு

பாக்கு பற்றி எழுதியதிலிருந்து இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சில வருடம் முன்பு எட்டாம் வகுப்பில் ஒரு பையன். மோவாய் மிகச் சின்னது, உள்ளே போயிருக்கும். வாய் ஒரு விரல்கூடத் திறக்காது. சாதத்தைப் பிசைந்து பல் இடுக்கு வழியாகத் தள்ளித் தள்ளிச் சாப்பிடுவான். மதியச் சாப்பாட்டை எல்லோரும் முடித்துப் போன பிறகும் உட்கார்ந்திருப்பான். பிறவி என்றுதான் நினைத்தோம். அவன் அம்மாவிடம் பேசியபோது, மூன்று வயதில் ஊஞ்சலிலிருந்து மோவாய் அடிபட விழுந்தான், தையல் போட்டார்கள், ஆறிவிட்டது என்றார்.

மோவாயில் பட்ட அடி அங்கேயே நிற்பதில்லை. தாடை எலும்பு வழியாக மேலே ஏறி, காதுக்கு முன்னால், தாடைத் தலைக்குக் கீழே இருக்கும் மெல்லிய கழுத்தை உடைக்கலாம், மூட்டுக்குள் ரத்தம் கட்டலாம். வலிக்குப் பயந்து குழந்தை வாயை அசைக்காமல் இருந்தால், அந்த ரத்தக்கட்டு மெல்ல எலும்பாகிவிடும். தாடையின் தலையும் மண்டையும் ஒன்றாக ஒட்டிவிடும். கீழ்த்தாடை வளர்வதற்கு அந்தத் தலையும் வேண்டும், அசைவும் வேண்டும். அவை நின்றுபோனதால் அவன் மோவாய் மூன்று வயதிலேயே நின்றுவிட்டது. காதில் சீழ் பிடித்து மூட்டுக்குப் பரவியும் இப்படி ஆகலாம்.

அவனுக்கு அறுவை செய்தார்கள். ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கினார்கள். அதன் பிறகுதான் பெரிய வேலை, மாதக் கணக்கில் தினம் வலிக்க வலிக்க வாய் திறக்கும் பயிற்சி. ஐஸ் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிப் பல்லுக்கு நடுவில் செருகி, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே வந்தார்கள். பயிற்சியை விட்டால் மறுபடி ஒட்டிவிடும். பன்னிரண்டு குச்சி ஆன அன்று வகுப்புக்கு வந்து எனக்குத் திறந்து காட்டினான்.

குழந்தை விழுந்து மோவாய் கிழிந்தால் தையலோடு வராதீர்கள். காதுக்கு முன்னால் தொட்டால் வலிக்கிறதா, வாய் திறக்கும்போது கோணுகிறதா என்று பாருங்கள், படம் எடுக்கச் சொல்லுங்கள்.

18.2.2024

“ராத்திரி பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி” என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். என் அம்மாவும் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார். பூச்சி இருந்தால் பூச்சி மருந்து கொடுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் தூக்கத்தில் பல் கடிப்பது தூக்கத்துக்கு நடுவே மூளை லேசாக விழித்தெழும்போது நடக்கும் அசைவு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானாகப் போய்விடும். பெரியவர்களுக்கு மனக்கவலை, அதிகக் காப்பி, புகை, சில மனநல மாத்திரைகள் இதைக் கூட்டும்.

காலையில் எழுந்ததும் கன்னம் களைத்திருந்தால், நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அச்சு இருந்தால், ராத்திரி கடித்திருக்கலாம்.

தையல்காரர்கள் நூலைக் கடித்து அறுப்பது, பேனா மூடியை மெல்வது, போனைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிப் பேசுவது, இவையும் கணக்கில் சேரும். மேற்கத்திய முறையில் வயலின் வாசிப்பவர்களுக்குத் தாடை வலி வருவது தெரிந்த விஷயம், வாத்தியத்தை மோவாயால் கவ்விப் பிடிக்கிறார்கள். நம் கர்நாடக சங்கீத முறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்து வாசிப்பதால் தாடைக்கு அந்தப் பாரம் இல்லை. இது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

25.2.2024

ராத்திரி மாட்டும் பல் உறையால் எனக்குக் குணமானது என்று போன வாரம் ஒருவருக்குத் தனியாக எழுதினேன். அதைத் திரும்ப யோசித்தேன்.

மேலே எழுதிய பட்டியலில் விட்டுப்போன அந்த உறை கைக்கு வந்தது 2018 மே முதல் வாரம். வலி குறைந்ததும் மே மாதம்தான். ஆனால் முகாம் முடிந்ததும் அப்போதுதான், கோடை விடுமுறையும் அப்போதுதான். அக்கா வீட்டில் பதினைந்து நாள் மத்தியானம் தூங்கினேன். எது செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. உறை, பல் தேய்வதைத் தடுக்கும், சிலருக்கு வலியும் குறைகிறது. கடிப்பதை அது நிறுத்துவதில்லை. முழு வரிசைக்கும் போடும் கெட்டியான உறையைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். முன்பல்லில் மட்டும் மாட்டும் சின்ன உறையை மாதக் கணக்கில் போட்டால் மற்ற பற்கள் நகர்ந்துவிடலாம். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் மருந்து என்று நான் எழுதியதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

2.3.2024

பல்லைச் சீவி ‘கடியைச் சரிசெய்வது’ பற்றி. என்னிடம் கேட்ட அதே வேலையை இங்கே இருவரிடம் கேட்டிருக்கிறார்கள்.

இந்த எண்ணத்துக்கு வயது தொண்ணூறு. 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பல் போனவர்களுக்குத் தாடை பின்னால் அழுந்தி காது வலி, இரைச்சல், தலைசுற்றல் வருகிறது என்று எழுதினார். காதுக்கும் தாடைக்கும் உறவு இருப்பதைக் கவனித்தது பெரிய விஷயம். ஆனால் அவர் சொன்ன காரணம் நிலைக்கவில்லை. அதற்குள் பல பத்தாண்டுகள் பல்லைச் சீவிக்கொண்டே இருந்தார்கள். 1980-களில் இன்னும் ஒருபடி போய், வட்டையே எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தகட்டை வைத்தார்கள். அது மூட்டுக்குள் துகள் துகளாக உதிர்ந்து, உடம்பு அதை எதிர்த்து எலும்பையே அரித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்ட பிறகு 1990-இல் அமெரிக்க அரசு அந்தத் தகடுகளைப் பறிமுதல் செய்தது.

இந்த மூட்டுக்கு முதலில் செய்ய வேண்டியவை எல்லாம் திரும்பப் பெறக்கூடியவை: ஒத்தடம், மாத்திரை, பயிற்சி, உறை. சீவிய பல் வளராது. அவற்றால் மாதக் கணக்கில் பலன் இல்லை என்றால் அடுத்தது மூட்டைக் கழுவுவது. இரண்டு ஊசியை மூட்டுக்குள் வட்டுக்கு மேலே இருக்கும் அறைக்குள் விட்டு, ஒன்றில் உப்பு நீரைச் செலுத்தி மற்றொன்றில் வெளியே விடுவார்கள். ஜெருசலேமைச் சேர்ந்த டோரிட் நிட்சான் குழுவினர் 1991-இல் எழுதிய முறை. திறந்து செய்யும் அறுவை மிகச் சிலருக்குத்தான்.

10.3.2024

ஒருவரின் பாட்டி கல்யாண மண்டபத்தில் பெரிய கொட்டாவி விட்டு, திறந்த வாய் மூடவே இல்லையாம். காற்று கருப்பு என்று வேப்பிலை அடித்திருக்கிறார்கள்.

இது என்னுடையதற்கு நேர் எதிர். தலை மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய், தசை இறுகி, திரும்ப ஏற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கட்டை விரல்களில் துணி சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேல் வைத்து, முதலில் கீழே அழுத்தி அப்புறம் பின்னால் தள்ளுவார்கள். துணி எதற்கு என்றால், உட்கார்ந்ததும் வாய் சட்டென்று மூடிக் கடித்துவிடும். சுமார் 3600 ஆண்டுக்கு முந்தைய எகிப்திய பாப்பிரஸ் சுருள் ஒன்றில் இதே முறை எழுதியிருக்கிறது. எட்வின் ஸ்மித் சுருள் என்பார்கள். பாட்டிக்கு இரண்டு நிமிடத்தில் சரியாகியிருக்கும், பாவம் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

11.3.2024

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். ‘டக்’ என்றாலே வட்டு என்று எழுதினேன். பாட்டி கதையை யோசிக்கும்போது ஞாபகம் வந்தது, மூட்டு தளர்வாக இருப்பவர்களுக்கு வாயை முழுதாகத் திறக்கும் கடைசியில் ‘தொப்’பென்று ஒன்று கேட்கும். அது தலை மேட்டைத் தாண்டும் சத்தம். வட்டு அப்போது இடத்தில்தான் இருக்கும். மணலை மிதிப்பதுபோல் நொறுநொறுவென்று கேட்டால் அது தேய்மானம். மூன்றும் வேறு.

இன்னும் ஒன்று, அவசரமானது. ஐம்பது வயதுக்கு மேல், சாப்பாட்டை மென்றுகொண்டிருக்கும்போது தாடை களைத்து வலித்து, மெல்வதை நிறுத்தினால் விட்டு, கூடவே பொட்டில் புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டால் மண்டை வலி, பார்வை மங்கல் என்றால் மூட்டு என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பொட்டில் ஓடும் ரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கலாம், கண்ணைப் பறித்துவிடும், அன்றே போக வேண்டும். படி ஏறினால் கீழ்த்தாடை வலிக்கிறது என்றால் இதயத்தைப் பாருங்கள்.

24.3.2024

சென்னை அண்ணன் எழுதிவிட்டார். சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், புற்றுநோய் இல்லை, நார் கட்டியதுதான். கன்னத்தில் ஊசி போடுகிறார்கள். பாக்கை விட்டு 48 நாள். “மண்டலம் முடிஞ்சுது தங்கச்சி” என்று எழுதியிருக்கிறார். இரண்டு தடவை படித்தேன்.

கரும்புத் தம்பி, உங்களைக் காணோமே?

6.4.2024, மதியம்

முகாமிலிருந்து எழுதுகிறேன். ஆறு வருடம் கழித்து அதே உயிரியல் தாள், அதே மரப்பெஞ்சு.

என் சிவப்புப் பேனாவில் ஒரு பச்சை ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரித்து, நாக்கை மேலண்ணத்தில் வைத்துக்கொள்வேன். காதுக்கு மேலே பொட்டில் இரண்டு விரல் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், விசிறி மாதிரி ஒரு தசை திமிறும். பொட்டுக்கு ஒரு பொட்டு. காலைக் கட்டு முடியும்வரை எண்ணினேன், பதினேழு தடவை கடித்தபடி பிடிபட்டேன். 2018-இல் எண்ணியிருந்தால் என்னவாக இருந்திருக்குமோ.

கரும்புத் தம்பி நேற்று இரவு எழுதியிருக்கிறார். சத்தம் இன்னும் இருக்கிறது, வலி இல்லை, ஸ்கேல் வைத்து அளந்தார், 46. சலூனுக்கு முடி வெட்ட மட்டும் போகிறார். அப்படியே விட்டுவிடுங்கள் தம்பி. அடுத்த பொங்கலுக்குக் கரும்பைக் கத்தியால் சீவித் துண்டு போட்டுச் சாப்பிடுங்கள், ருசி ஒன்றும் குறையாது.

பக்கத்து இருக்கையில் மன்னார்குடியிலிருந்து வந்திருக்கும் டீச்சர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பேனாவில் என்ன பொட்டு என்று கேட்கிறார். அட்டையில் இன்னும் ஒன்பது இருக்கிறது. மதியக் கட்டு வந்துவிட்டது.